நாள் முழுக்க நின்றும் மூச்சு வாங்குவது ஏன்?

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங்கில் அரசு கிளினிக்கில் இனிப்புநீர் (நீரிழிவு) சோதனைக்காகக் காத்திருந்தால் இந்த உரையாடல் எப்படியும் காதில் விழும். “கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா” என்பார் மிஸ்ஸி, அதாவது தாதி. “காலையிலேருந்து நின்னுக்கிட்டேதான் இருக்கேன் மிஸ்ஸி, இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?” என்பார் எதிரே உட்கார்ந்திருக்கும் அக்கா. மிஸ்ஸி அட்டையில் அடுத்த தேதியை எழுதிக் கொடுப்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இருவர் சொல்வதும் உண்மைதான். அந்த அக்கா வீட்டுக்கு வந்த பிறகு கேட்கும் மூன்றாவது பேச்சுதான் பொய்: “எல்லாம் சோம்பேறித்தனம். அந்தக் காலத்துத் தோட்டத்துப் பொம்பளைங்க இப்படியா இருந்தாங்க?” இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, தன் உடம்பு தளர்ந்ததற்குத் தன் மனசுதான் காரணம் என்று நம்பிவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். பெண் எவ்வளவு அசைகிறாள், எப்படி அசைகிறாள் என்பதில் பெரும்பங்கை அவள் வீடும் தெருவும் வேலையிடமும் தீர்மானிக்கின்றன. எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு, உடல்தகுதி வேறு

மூன்று சொற்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தசை வேலை செய்து உடம்பு சக்தியைச் செலவழிக்கும் எல்லாமே உடலுழைப்பு. வீடு கூட்டுவது, பஸ்ஸைப் பிடிக்க நடப்பது, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குவது எல்லாம் இதில் அடங்கும். உடம்பைத் தேற்ற வேண்டும் என்றே திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யும் உழைப்பு உடற்பயிற்சி. உடல்தகுதி என்பது செய்கிற வேலை இல்லை, அது உடம்பின் நிலை. மூச்சு வாங்காமல் எத்தனை படி ஏற முடிகிறது, எவ்வளவு எடை தூக்க முடிகிறது என்பது அதன் அளவு.

உழைப்பு நிறைய இருந்தும் தகுதி வளராமல் போகலாம். அரிசி உலையை நினைத்துப் பாருங்கள். பானையை அகல்விளக்கின் சூட்டில் நாள் முழுக்க வைத்தாலும் தண்ணீர் வெதுவெதுப்பாகுமே தவிரக் கொதிக்காது. கொதிக்க வேண்டுமானால் கொஞ்ச நேரமாவது தீயைக் கூட்ட வேண்டும். இதயமும் நுரையீரலும் அப்படித்தான். வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக வேலை வாங்கும்போதுதான் அவை பலப்படும். வெதுவெதுப்பு வீண் என்று சொல்லவில்லை. அதற்கும் பயன் உண்டு, பின்னால் வருகிறேன்.

இந்தத் தீயை அளக்க ஆய்வாளர்கள் ‘மெட்’ என்ற அலகை வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கையில் உடம்பு செலவழிக்கும் சக்தி 1 மெட். நின்றுகொண்டு பாத்திரம் கழுவுவது 2-ஐ ஒட்டி இருக்கும். வீடு கூட்டுவது 3-ஐத் தொடும். வேகநடை 4-க்கு மேல் போகும். 3 முதல் 6 வரை மிதமான உழைப்பு, அதற்கு மேல் கடும் உழைப்பு. கையில் கருவி ஏதும் வேண்டாம், ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடும் உழைப்பு.

ஆக, கிளினிக் அக்கா உழைப்பைச் சொல்கிறார், மிஸ்ஸி தகுதியைச் சொல்கிறார். சொல் மாறியதால்தான் பேச்சு முட்டி நின்றது.

தோட்டம் தந்ததும் எடுத்துக்கொண்டதும்

என் அம்மா பீடோங்குக்கு அருகே ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். விடியும் முன் பெரட்டு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கும் கூட்டம். சூரியன் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குள் இறங்கிவிடுவார்கள். ஒவ்வொரு மரத்திடமும் குனிந்து, சீவி, அடுத்ததற்கு நடக்க வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான மரம். பிறகு அதே வழியில் திரும்பி வந்து மங்கிலிருந்து பாலை ஊற்றிச் சேர்த்து, காண்டா வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோர் வரை நடை. வீட்டுக்கு வந்தால் விறகு, பொதுக் குழாய்த் தண்ணீர், லயத்துக்குப் பின்னால் இருந்த காய்கறிப் பாத்தி. கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விடுவதற்கும் நடைதான், கூட்டி வருவதற்கும் நடைதான்.

‘இன்று உடற்பயிற்சி செய்யப்போகிறேன்’ என்று அம்மா ஒருநாளும் முடிவெடுத்ததில்லை. முடிவெடுக்க வேண்டிய தேவையே இல்லாதபடி, அவர் வாழ்ந்த இடமே அசைவை நாளுக்குள் வைத்துத் தைத்திருந்தது. அந்தப் பெண்கள் நம்மைவிடச் சுறுசுறுப்பான பிறவிகள் இல்லை. அவர்கள் இருந்த இடம் வேறு.

ஆனால் அந்தக் காலத்தை நான் பொன்னாக்க மாட்டேன். அம்மாவின் இடுப்பு ஐம்பது வயதுக்குள் போய்விட்டது. வலது தோள் இன்றுவரை முழுதாக உயராது. உழைப்பு உடம்புக்கு நல்லது என்றால் இது ஏன் நடந்தது?

இரண்டு கதைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். 1953-ல் ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் இரட்டைமாடிப் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். அவர் ஆராய்ந்தது ஆண்களை மட்டும். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கொடுப்பவரோ நாளுக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குவார். டிக்கெட் கொடுப்பவர்களுக்கு மாரடைப்பு நோய் ஓட்டுநர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பஸ்ஸின் படிக்கட்டு அவர்களுக்கு வைத்தியம் பார்த்தது என்றே சொல்லலாம்.

இரண்டாவது கதை டென்மார்க்கிலிருந்து. அங்கே ஆந்திரெயாஸ் ஹோல்டர்மன் முதலிய ஆய்வாளர்கள் வேறு ஒன்றைக் கண்டார்கள். ஓய்வு நேரத்து உழைப்பு ஆயுளைக் கூட்டுகிறது. வேலையிடத்துக் கடும் உழைப்பு அதே பலனைத் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிகிறது. ஆண்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது, பெண்களிடம் அந்த அளவுக்குத் தெரியவில்லை. இதற்கு ‘உழைப்பு முரண்’ என்று பெயர். அவர்கள் சொல்லும் காரணம் நமக்குப் புதிதல்ல. வேகநடை அரை மணியில் முடிந்துவிடும், பிறகு உடம்பு ஆறும். வேலையிடத்துப் பாரமோ எட்டு மணி நேரம் நீளும். எப்போது நிறுத்தலாம் என்பது தொழிலாளியின் கையில் இல்லை. நேற்றைய களைப்பு தீரும் முன் இன்றைய பெரட்டு வந்துவிடும். தசை பலப்படுவது வேலை செய்யும்போது இல்லை, அதற்குப் பிறகு ஓய்வெடுக்கும்போது. ஓய்வு கிடைக்காவிட்டால் அது தேய்மானம் மட்டுமே.

எனவே சூழல் அசைவைக் கொடுத்தால் மட்டும் போதாது. ஏற்ற இறக்கமும் வேண்டும், ஆறுவதற்கு அவகாசமும் வேண்டும்.

பன்னிரண்டு மணி நேரம், ஒரே இடம்

அம்மாவின் தலைமுறை நிரையில் நடந்தது. என் தலைமுறைப் பெண்களில் பலர் சுங்கை பட்டாணி பாக்கார் அராங் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். ஷிப்டு காலை 7 முதல் இரவு 7 வரை என்றால் பஸ் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடும். இங்கே சூரியன் 7 மணி வாக்கில்தான் எழும், மாலை ஏழு ஏழரைக்கு மறைந்துவிடும். 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள், அதனால் நம் விடியல் கடிகாரப்படி இன்னும் தாமதம். பகல் ஷிப்டுக்காரி வேலை நாளில் வெளியே பகலையே பார்ப்பதில்லை. ‘காலையில் எழுந்து நடங்கள்’ என்ற அறிவுரை அவளிடம் சொல்வது கும்மிருட்டில் நடக்கச் சொல்வதுதான்.

லைனில் அவள் என்ன செய்கிறாள்? சில பிரிவுகளில் நிற்கிறாள், சிலவற்றில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டிலும் ஒரே தொல்லை, அசையாமை.

முதலில் நிற்பது. காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். அதைத் தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அந்தத் தசை இறுகித் தளர்ந்து, கைப்பம்பு போல ரத்தத்தை மேலே அனுப்புகிறது. அசையாமல் நின்றால் பம்பு ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும், சாயங்காலம் கணுக்கால் வீங்கும், வருடக்கணக்கில் போனால் கால் ரத்தநாளம் சுருண்டு புடைக்கும். நாள் முழுக்க நின்ற களைப்பு உண்மையானது, ஆனால் அந்தக் களைப்பு இதயத்துக்குப் பயிற்சி ஆகவில்லை. கிளினிக் அக்காவின் கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

அடுத்து உட்கார்வது. சாப்பிட்ட சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் கலந்த பிறகு தசைக்குள் போயாக வேண்டும். தசையை ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இன்சுலின் என்பது முன்வாசல் சாவி. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அந்தப் பூட்டில் துருப்பிடித்திருக்கும், சாவி போட்டாலும் சரியாகத் திறக்காது. ஆனால் சமையற்கட்டுப் பக்கம் ஒரு பின்கதவு உண்டு. தசை சுருங்கி விரியும்போது அது தானாகத் திறந்துகொள்ளும், இன்சுலின் தேவைப்படாது. மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் பின்கதவும் சாத்தியபடி கிடக்கும்.

2012-ல் ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டனும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். கூடுதல் எடை உள்ளவர்களை மணிக்கணக்கில் உட்காரவைத்து, ஒரு நாள் மட்டும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் மெதுவாக நடக்கச் சொன்னார்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. வெதுவெதுப்பும் வீண் இல்லை என்றேனே, அது இதைத்தான். உலை கொதிக்கவில்லை, ஆனால் பின்கதவு திறந்தது.

வேகநடை, ஜூம்பா போன்ற பயிற்சி எதுவும் இல்லாத இந்தச் சின்னச் சின்ன அசைவுகளுக்கு ‘பயிற்சியல்லா அசைவு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். எழுந்து போய்த் தண்ணீர் பிடிப்பது, பக்கத்து மேசைக்கு நடப்பது, துணி காயப்போடுவது எல்லாம் இதுதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவின் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். ஒரே உடலளவு கொண்ட இருவருக்குள் இந்த அசைவால் மட்டும் ஒரு நாளுக்கு 2,000 கலோரி வரை வித்தியாசம் வரலாம் என்கிறார். அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது தொழில். கேண்டீன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கழிப்பறைக்குப் போக லைன் லீடரிடம் கைதூக்கிக் கேட்க வேண்டுமா, பெட்டி அவளிடம் நகர்ந்து வருகிறதா, அவள் பெட்டியிடம் போகிறாளா என்பவையெல்லாம் உடல்நலக் கேள்விகள். யாரும் அவற்றை அப்படிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் இடையில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் வார வேலைநேர உச்சவரம்பு 48-லிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. ஓ.டி. அதற்கு மேல் வரும் என்பது வேறு விஷயம். பல வீடுகளில் அந்த ஓ.டி. காசில்தான் காடி (கார்) தவணை கட்டப்படுகிறது.

வீட்டு வாசலுக்கு வெளியே

வேலை முடிந்து வந்தால் தாமான், அதாவது குடியிருப்பு. மனிதர் கட்டி எழுப்பிய வீடு, தெரு, விளக்கு, திடல், கடைவரிசை எல்லாவற்றையும் சேர்த்து ‘கட்டுமானச் சூழல்’ என்பார்கள். காற்றும் மலையும் இதில் சேராது. பீடோங்கிலிருந்து பார்த்தால் 1,217 மீட்டர் ஜெராய் மலை கண்முன்னே நிற்கும். ஆனால் இங்குள்ள பெண்ணின் நடையைத் தீர்மானிப்பது அந்த மலை இல்லை, வாசலுக்கு வெளியே இருக்கும் முதல் முந்நூறு அடி தூரம்தான்.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்கிறேன். தெரஸ் வீடுகள் இருபுறமும். ஓரத்தில் லொங்கான் (சாக்கடை), சில இடங்களில் மூடி இல்லை. நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் காடிகள். மூலையில் நாய்க்கூட்டம். மூன்று விளக்குக் கம்பங்களில் ஒன்று பல மாதம் எரியாமலே கிடந்தது. திடல் ஒன்று இருக்கிறது, சாயங்காலமானால் பையன்கள் பந்து விளையாடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் இடம் வேண்டும். ஆனால் சுற்றி நடக்கப் பாதை இல்லாத திடலில் நாற்பது வயதுப் பெண் எங்கே நடப்பாள்? தோளில் பையோடு தனியாகப் போனால் மோட்டாரில் வந்து பறித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் வேறு.

சுவரும் சாலையும் மட்டும் சூழல் இல்லை. கடிகாரமும் சூழல்தான். ஆலையிலிருந்து வந்தவளுக்கு உலை, துணி, பிள்ளையின் பள்ளிப்பாடம், மாமியாரின் மாத்திரை எல்லாம் காத்திருக்கும். கண்களும் சூழல்தான். “இந்த வயசுல டிராக்சூட் போட்டுக்கிட்டு எங்க கிளம்பிட்டே?” என்று ஒருவர் கேட்டால் போதும், மறுநாள் அந்தச் சப்பாத்து அலமாரிக்குள் போய்விடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் நேரில் கண்டது இது. அவருக்குக் குறையாக இருந்தது மனஉறுதி இல்லை, கூட நடக்க ஓர் ஆள்.

உலகம் முழுக்கவும் கணக்கு இதே பக்கம்தான் சாய்கிறது. 2022 நிலவரப்படி போதிய உடலுழைப்பு இல்லாத பெரியவர்கள் ஆண்களில் 29 விழுக்காடு, பெண்களில் 34 விழுக்காடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலேசியாவின் 2019 தேசிய நலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. மரபும் சாப்பாடும் இதில் சேர்ந்திருக்கின்றன, எல்லாப் பழியையும் தெருவின் மேல் போட முடியாது. ஆனால் தெருவை விட்டுவிட்டு நாக்கை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை.

சுருக்கமாக, ஒரு பெண்ணின் நடைக்கு இடமும் வேண்டும், வெளிச்சமுள்ள நேரமும் வேண்டும், கூச்சமில்லாத துணையும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை.

எவ்வளவு போதும்?

இங்கேதான் மிரட்டும் எண்கள் வருகின்றன. ஒரு நாளைக்கு 10,000 காலடி நடக்க வேண்டும் என்பது வைத்தியக் கணக்கில் பிறந்த எண்ணே அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவியின் பெயர் அது. 2019-ல் சராசரி வயது 72 கொண்ட 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஐ-மின் லீ குழுவினர் செய்த ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 2,700 அடி நடந்தவர்களைவிட 41 விழுக்காடு குறைவு. 7,500-ஐ ஒட்டி அந்தப் பலன் சமநிலைக்கு வந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது அதில் பாதி நேரம் கடும் உழைப்பு என்கிறது. கூடவே, வாரத்தில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை அந்த வழிகாட்டி எடுத்துவிட்டது. ஆலைப் பெண்ணுக்கு இது பெரிய நிம்மதி. கேண்டீனிலிருந்து திரும்பும் நாலு நிமிட வேகநடையும் கணக்கில் சேரும்.

தசைப் பயிற்சியைத்தான் நம் பெண்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். ‘தூக்கிச் சுமந்தது போதாதா’ என்ற எண்ணம். வயது ஏற ஏறத் தசை கரையும், சர்க்கரை போய்ச் சேரும் வீடும் அதனோடு சுருங்கும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்கி இறக்குவது எல்லாம் போதுமான தொடக்கம். வரவேற்பறையிலேயே முடியும், டிராக்சூட்டும் வேண்டாம்.

முதலில் மாற்ற வேண்டியது

மனஉறுதி இருந்தும் இருட்டுத் தெரு தோற்கடித்துவிடும். அதனால் சூழலில் ஒரு சின்ன இடத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. எங்கள் தாமானில் நாங்கள் நாலு பேர் அந்த எரியாத கம்பத்தின் எண்ணைக் குறித்துப் புகார் கொடுத்தோம். ஒருமுறை கொடுத்து ஒன்றும் நடக்கவில்லை, மூன்றாம் முறை விளக்கு எரிந்தது. இப்போது இரவுச் சோற்றுக்குப் பிறகு, எட்டே கால் மணிக்கு, அந்த வரிசையில் சேர்ந்து நடக்கிறோம். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கு அந்த நேரம் பொருத்தமும்கூட. கூட்டமாகப் போவதால் நாயும் ஒதுங்குகிறது, கேள்வி கேட்பவர்களும் ஒதுங்குகிறார்கள். ஞாயிறு காலை மண்டபத்தில் செனாம்ரோபிக் (இசையோடு செய்யும் கூட்டு உடற்பயிற்சி) வைத்தால் வருகிறோம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை உடன் கூட்டிவர இடம் இருந்தால் இன்னும் பலர் வருவார்கள்.

ஆலையில் செய்யக்கூடியது அவரவர் லைனைப் பொறுத்தது. நிற்கும் வேலை என்றால் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை உயர்த்தி இறக்கினால் கெண்டைக்கால் பம்பு ஓடும், கை வேலை நிற்க வேண்டியதில்லை. உட்கார்ந்த வேலை என்றால் இருந்த இடத்தில் எழுந்து உட்காரலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்களை இடம் மாற்றிவிடும்படி சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒரே அசைவால் வரும் தோள்வலியும் குறையும் என்று எடுத்துச் சொன்னால் காதுகொடுக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவள் நடக்கப் போகும் அரை மணி நேரம் பாத்திரத்தை யார் கழுவுவது என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும். அது முடிவாகாத வீட்டில் வேறு எந்த யோசனையும் ஒரு வாரத்துக்கு மேல் ஓடி நான் பார்த்ததில்லை.

இனிப்புநீருக்கு இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், நடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். நடக்கும்போது கை நடுங்கி, வியர்த்து, தலை கிறுகிறுத்தால் அதன் அடையாளம்தான். பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கமோ இடது கையில் வலியோ வந்தால் நடையை அங்கேயே நிறுத்திவிட்டு, கூட வந்தவரை 999-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.